ராஜன் காலத்து ரிசர்வ் வங்கி: ஒரு வாடிக்கையாளரின் மதிப்பெண்

ஹோட்டலுக்கும் மொபைலுக்கும் பக்கம் பக்கமாக ரிவ்யூ எழுதுகிறோம். நம் சம்பளம், சேமிப்பு, ஈஎம்ஐ எல்லாவற்றிலும் கை வைக்கிற ரிசர்வ் வங்கிக்கு யாரும் எழுதுவதில்லை. மத்திய வங்கிக்குத் தடையற்ற சந்தையை நம்புகிற ஒருவரைத் தலைவராகப் போடலாமா, அப்படிப் போட்டால் சாதாரண ஆளுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டால் டிவியில் அது இடது, வலது என்று கொள்கைச் சண்டையாகவே முடிந்துவிடுகிறது. அதனால் ரகுராம் ராஜன் கவர்னராக இருந்த மூன்று வருடத்தை, 2013 செப்டம்பர் 4 முதல் 2016 செப்டம்பர் 4 வரை, டெபாசிட்டும் வீட்டுக்கடனும் வைத்திருக்கிற ஒரு வாடிக்கையாளராகப் பார்த்து எழுதுகிறேன். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அந்த ஒன்றை ஏன் குறைத்தேன் என்பதையும் சொல்கிறேன், அதுதான் முக்கியம்.

முதலில் அவர் எப்படி வந்தார் என்பது. இந்தியாவில் கவர்னரை மத்திய அரசுதான் நியமிக்கிறது, 1934-ம் வருட ரிசர்வ் வங்கிச் சட்டப்படி ஐந்து வருடம் வரை கொடுக்கலாம், திரும்பவும் நியமிக்கலாம். 2013 ஆகஸ்டில் மன்மோகன் சிங் பிரதமர், ப. சிதம்பரம் நிதியமைச்சர். ரூபாய் அந்த மாதக் கடைசியில் டாலருக்கு 68-ஐத் தாண்டி விழுந்தது, காய்கறி முதல் பஸ் கட்டணம் வரை எல்லாம் ஏறிக்கொண்டிருந்தது. அப்போது அவர்கள் தேர்ந்தெடுத்த ஆள் ஐஏஎஸ் அதிகாரி இல்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் நிதித்துறைப் பேராசிரியர், சர்வதேச நிதியத்தில் தலைமைப் பொருளாதார நிபுணராக இருந்தவர். 2008-லேயே திட்டக் கமிஷனுக்காக நிதித்துறைச் சீர்திருத்த அறிக்கை ஒன்றைத் தயாரித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர். சிறிய வங்கிகளுக்கு வழி திறங்கள், ரிசர்வ் வங்கி விலைவாசியைக் கட்டுப்படுத்துவதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளட்டும், சரியாக ஓடாத சின்ன அரசு வங்கிகளை விற்றுப் பாருங்கள் என்றெல்லாம் அதில் இருந்தது. ஆக, இவர் வந்தால் என்ன செய்வார் என்பது ஐந்து வருடத்துக்கு முன்பே எழுத்தில் இருந்தது. தெரிந்தேதான் எடுத்தார்கள். எனக்கு இது பிடித்திருந்தது.

முதல் நாளே, இந்தப் பதவி ஓட்டு வாங்கவோ ஃபேஸ்புக்கில் லைக் வாங்கவோ உள்ளதல்ல என்று சொன்னார். அதே நாள் இன்னொரு அறிவிப்பும் வந்தது, அதைப் பெரும்பாலானவர்கள் மறந்துவிட்டார்கள். உள்நாட்டு வங்கிகள் நகரங்களில் புதுக் கிளை திறக்க ரிசர்வ் வங்கியிடம் ஒவ்வொரு முறையும் முன் அனுமதி கேட்க வேண்டாம், வங்கி வசதி இல்லாத கிராமங்களில் கால் பங்கு கிளைகளைத் திறக்கும் கடமையைச் செய்தால் போதும் என்றார். ஒரு தெருவில் கிளை வைப்பதற்கு மும்பையில் கையெழுத்து தேவையில்லை என்று சொல்ல 2013 வரை ஆகியிருக்கிறது, அதை நினைத்தால்தான் கோபம் வருகிறது.

சரி, விலைவாசி. இதுதான் மத்திய வங்கி நமக்குக் கொடுக்க வேண்டிய முதல் சேவை. அவர் வந்த சில வாரங்களில் நுகர்வோர் விலைப் பணவீக்கம் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தது. பெரும்பாலானவர்கள் வட்டியைத் தொடமாட்டார் என்று எதிர்பார்த்தார்கள், அவர் ஏற்றினார். 7.25 சதவீதமாக இருந்த ரெப்போ, அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி, 2014 ஜனவரிக்குள் 8 ஆனது. அந்த மாதமே துணை கவர்னர் உர்ஜித் படேல் தலைமையிலான குழுவின் அறிக்கை வந்தது: இனிமேல் மொத்த விலைக் குறியீட்டைப் பார்க்காதீர்கள், வீட்டில் மளிகை வாங்குகிறவர் கொடுக்கும் விலையைப் பாருங்கள், முதலில் 8, அப்புறம் 6, கடைசியில் 4 சதவீதம் என்று படிப்படியாக இறக்குங்கள் என்று. 2015 பிப்ரவரியில் அரசும் ரிசர்வ் வங்கியும் இதற்கு ஒப்பந்தமே போட்டன, 2016-ல் சட்டத்திலும் ஏறியது. கச்சா எண்ணெய் விலை சரிந்தது அவருக்குக் கை கொடுத்தது என்பது உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அவர் கிளம்பும்போது பணவீக்கம் ஐந்து, ஆறு சதவீதத்தில் நின்றது.

இதில் ஓய்வூதியக்காரர்கள் அவர் மேல் கோபமாகத்தான் இருந்தார்கள். என் பெரியப்பா அவர்களில் ஒருவர். எஃப்டி வட்டி குறைந்துகொண்டே போகிறது, எங்களை மாதிரி ஆட்களை யார் நினைக்கிறார்கள் என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ராஜனுக்கும் இப்படிப்பட்ட கடிதங்கள் நிறைய வந்திருக்கின்றன. 2016 ஜனவரியில் ஒரு சொற்பொழிவில் அதற்கு அவர் தோசையை வைத்துக் கணக்குப் போட்டுப் பதில் சொன்னார். அந்தக் கணக்கை முழுதாகத் தருகிறேன், ஏனென்றால் பலர் தோசை என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு கணக்கை விட்டுவிட்டார்கள்.

கையில் 1 லட்சம் ரூபாய், ஒரு தோசை 50 ரூபாய். இன்றைக்கே செலவழித்தால் 2,000 தோசை. வட்டி 10 சதவீதம், விலைவாசியும் 10 சதவீதம் என்றால் வருடக் கடைசியில் 10,000 ரூபாய் வட்டி வரும், தோசை 55 ரூபாய் ஆகியிருக்கும், வட்டியில் 182 தோசை கிடைக்கும். வட்டி 8 சதவீதம், விலைவாசி 5.5 சதவீதம் என்றால் வட்டி 8,000 ரூபாய், தோசை 52.75 ரூபாய், அதில் 152 தோசைதான் வரும். பார்த்தீர்களா குறைந்துவிட்டது என்பார் பெரியப்பா. ஆனால் அசலைக் கணக்கில் சேர்க்க வேண்டும் இல்லையா? முதல் வகையில் அசலுக்கு 1,818 தோசைதான் வரும், இரண்டாவதில் 1,896. மொத்தமாகப் பார்த்தால் அங்கே 2,000, இங்கே 2,048. அதாவது 10 சதவீத வட்டி வாங்கிய வருடத்தில் அவர் ஒரு தோசைகூட அதிகம் சம்பாதிக்கவில்லை, அசல் கரைந்ததை வட்டி ஈடு கட்டியது, அவ்வளவுதான். இதைக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். பெரியப்பா ஒவ்வொரு வகுத்தலையும் தானே போட்டுப் பார்த்துவிட்டு, கணக்கு சரிதான், ஆனால் மருந்துச் செலவு தோசை மாதிரி ஏறுவதில்லையே என்றார். நியாயமான கேள்வி. சராசரி விலைக் குறியீடு வயதானவர்களின் செலவைச் சரியாகக் காட்டாது, அதற்கு எந்தக் கவர்னரிடமும் பதில் இல்லை.

அடுத்து, சந்தையை நம்புகிறவர் என்பதால் மட்டுமே நமக்குக் கிடைத்தவை. 2013 ஆகஸ்டில் ரூபாய் விழுந்த பதற்றத்தில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் உச்சவரம்பை ஒரு வருடத்துக்கு 2 லட்சம் டாலரிலிருந்து 75,000 டாலராகக் குறைத்திருந்தார்கள். பிள்ளையை வெளிநாட்டில் படிக்க வைக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்த அறிவிப்பு எப்படி வயிற்றைக் கலக்கியது என்று. இவர் காலத்தில் அது 1,25,000 ஆகி, 2015-ல் 2,50,000 டாலர் ஆனது. இறக்குமதி செய்யும் தங்கத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஏற்றுமதி செய்தே ஆக வேண்டும் என்கிற 80:20 விதியும் 2014 நவம்பரில் போனது. தங்கத்துக்குக் கெடுபிடி போட்டால் கடத்தல் கூடும் என்பது நம் ஊரில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

புது வங்கிகள் வந்தன. 2014-ல் இரண்டு முழு வங்கிகளுக்கு, 2015 ஆகஸ்டில் 11 பேமெண்ட்ஸ் வங்கிகளுக்கு, அடுத்த மாதமே 10 சிறு நிதி வங்கிகளுக்குக் கொள்கை அளவில் அனுமதி. மைக்ரோ ஃபைனான்ஸ் நடத்திக்கொண்டிருந்த சென்னையின் ஈக்விடாஸ் வங்கியானது இப்படித்தான். சிறு நிதி வங்கி என்கிற யோசனை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் கொடுக்கிற கடன்களில் பாதி 25 லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்று விதியிலேயே போட்டுவிட்டார்கள், அதனால் பெரிய வங்கி கிளை வாசலில் நிற்க வைத்துத் திருப்பி அனுப்புகிற கடைக்காரரை இவர்கள் தேடிப் போய்த்தான் ஆக வேண்டும். அதோடு டெபாசிட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் வட்டி கொடுத்து ஆள் பிடித்தார்கள், அந்தப் போட்டியில் நமக்குத்தான் லாபம். பேமெண்ட்ஸ் வங்கி அப்படி வரவில்லை. ஒருவரிடம் 1 லட்சத்துக்கு மேல் டெபாசிட் வாங்கக்கூடாது என்று அப்போது விதி இருந்தது (2021-ல்தான் அது 2 லட்சம் ஆனது), கடன் கொடுக்கவே கூடாது, அப்புறம் எதில் சம்பாதிப்பது? அனுமதி வாங்கிய பதினோரு பேரில் சென்னையின் சோழமண்டலம் உட்பட மூன்று பேர் ஒரு வருடத்துக்குள்ளேயே வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கதவைத் திறந்துவிட்டு உள்ளே நகர இடம் கொடுக்காத திட்டம் அது.

யுபிஐ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2016 ஏப்ரல் 11 அன்று மும்பையில் ராஜன் அதைத் தொடங்கி வைத்தார். அவர் கண்டுபிடித்ததல்ல, அதற்குப் பின்னால், பணப் பரிமாற்ற அமைப்புகளை நடத்தும் என்பிசிஐ-யில் பலருடைய பல வருட உழைப்பு இருக்கிறது. ஆனால் அதன் அடிப்படையில் இருப்பது சுத்தமான சந்தைச் சிந்தனை. அதற்கு முன்பு வாலட்டுகள் இருந்தன, ஒரு வாலட்டில் போட்ட பணத்தை இன்னொரு கம்பெனி வாலட் வைத்திருப்பவருக்கு அனுப்ப முடியாது. யுபிஐ-யில் எந்த வங்கிக் கணக்கையும் எந்த ஆப்பிலும் இணைக்கலாம், ஆப் பிடிக்கவில்லை என்றால் வங்கியை மாற்றாமலே ஆப்பை மாற்றலாம். வாடிக்கையாளரைக் கட்டிப் போட்டு வைக்க யாருக்கும் வழியில்லை. இன்று இளநீர் வண்டிக்காரரிடம் ஒரு கம்பெனியின் க்யூஆர் அட்டை இருக்கிறது, நாம் வேறு கம்பெனி ஆப்பில் ஸ்கேன் செய்கிறோம், பணம் மூன்றாவது ஒரு வங்கியில் அவர் கணக்குக்குப் போகிறது. போட்டியை வளர்ப்பது என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

இப்போது அந்த ஒரு மதிப்பெண் எங்கே போனது என்பது. வங்கிகள் தாமாகவே சரியாக நடந்துகொள்ளும் என்று அவர் விட்டுப் பார்த்த இடங்களில் நமக்கு அடிதான் விழுந்தது. 2015 ஜனவரியிலிருந்து செப்டம்பருக்குள் ரெப்போவை 8-லிருந்து 6.75-க்கு இறக்கினார். வங்கிகள் டெபாசிட் வட்டியைச் சட்டென்று இறக்கின, கடன் வட்டியைத் தொடவே மனமில்லை. முதலில் முக்கால் சதவீதம் குறைத்ததற்கு, வங்கிகளின் அடிப்படை வட்டி (கடன் வட்டிக்கு அடித்தளமாக வைத்த பேஸ் ரேட்) நடுவாகப் பார்த்தால் 0.3 சதவீதம் மட்டுமே இறங்கியிருந்தது என்று அந்தச் செப்டம்பர் அறிக்கையில் அவரே எழுதினார். அதற்கு முன்பு ஏப்ரலில், எங்களுக்கு நிதி திரட்டும் செலவு குறையவில்லை என்று வங்கிகள் சொன்ன காரணத்தை அபத்தம் என்று நேராகவே சொல்லிவிட்டார், அன்றைக்கே சில பெரிய வங்கிகள் வட்டியைக் கொஞ்சம் குறைத்தன. கவர்னர் திட்டினால் குறைப்பது என்பது சந்தையா? அப்போது எனக்குக் கடன் கொடுத்திருந்த வங்கியில், புதிதாக வருகிறவர்களுக்கு என்னைவிடக் குறைந்த வட்டி கொடுத்தார்கள். எனக்கும் அதையே கொடுங்கள் என்று போய்க் கேட்டால், மாற்றுவதற்குக் கட்டணம் என்று ஒரு படிவத்தை நீட்டினார்கள். 2016 ஏப்ரலில் அவர் கொண்டுவந்த எம்சிஎல்ஆர் முறையிலும், வங்கி தன் செலவைத் தானே கணக்குப் போட்டுச் சொல்லும், நாம் நம்ப வேண்டும் என்றுதான் இருந்தது. ரெப்போ மாதிரி வெளியே தெரியும் ஒரு விகிதத்தோடு கடனைக் கட்டிப் போட வேண்டும் என்கிற கட்டாயம் 2019 அக்டோபரில்தான் வந்தது. அதை இவரே செய்திருக்க வேண்டும்.

ஏடிஎம் விஷயமும் அப்படித்தான். 2014 நவம்பரிலிருந்து சென்னை உட்பட ஆறு பெருநகரங்களில் வேறு வங்கி ஏடிஎம்மில் இலவசமாக எடுப்பது மாதம் ஐந்திலிருந்து மூன்றாகக் குறைந்தது. செலவு ஆகிறது, பயன்படுத்துகிறவர் கொடுக்கட்டும் என்பது வாதம், தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஏடிஎம்களால் கிளையில் கூட்டம் குறைந்து வங்கிக்கு மிச்சமான செலவை யாரும் நம் பக்கம் கணக்கில் எழுதவில்லை. இதற்கு நேர்மாறாக, அதே வருடம் மே மாதம், தனிநபர்கள் மாறும் வட்டியில் வாங்கிய கடனை முன்கூட்டியே அடைத்தால் வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். அந்த உத்தரவு நிஜமான சுதந்திரத்தைக் கொடுத்தது, ஏனென்றால் வங்கி மோசமாக நடத்தினால் கடனைத் தூக்கிக்கொண்டு அடுத்த வங்கிக்குப் போய்விடலாம். ரிசர்வ் வங்கி போட்ட விதியால்தான் அந்தச் சுதந்திரமே வந்தது என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், முழுக்க முழுக்க சந்தையின் கையில் விட்ட கவர்னர் இல்லை இவர். வந்தவுடன் ரூபாயைக் காப்பாற்ற, வெளிநாடு வாழ் இந்தியர்களிடம் டாலர் டெபாசிட் வாங்கும் வங்கிகளுக்கு 3.5 சதவீதத்தில் சலுகை விலை ஸ்வாப் கொடுத்தார், அதாவது இப்போது டாலரை வாங்கிக்கொண்டு ரூபாய் கொடுத்து, பின்னால் அந்த டாலரைத் திருப்பித் தரும் ஒப்பந்தம். அந்த டாலருக்கு ரூபாய் மதிப்பு மாறும் அபாயத்தை ரிசர்வ் வங்கி தன் தலையில் ஏற்றுக்கொண்டது. நவம்பர் கடைசிக்குள் இப்படிச் சுமார் 26 பில்லியன் டாலர் வந்தது, ரூபாய் நிமிர்ந்தது. பாடப் புத்தகப்படி இது சந்தையில் தலையீடு. வீடு பற்றி எரியும்போது பாடப் புத்தகத்தை மூடி வைக்கத் தெரிந்தவர் என்பதால் எனக்கு நம்பிக்கை கூடியது.

நான்கு மதிப்பெண்ணில் பெரிய பங்கை நான் கொடுப்பது வாராக்கடனுக்கு. 2015-ல் அவர் நடத்திய சொத்துத் தர ஆய்வுக்கு முன்பு, திரும்ப வராது என்று தெரிந்த பெரிய கடன்களுக்கு வங்கிகள் இன்னொரு கடன் கொடுத்து, அந்தப் பணத்தில் வட்டி கட்ட வைத்து, கணக்கு நன்றாக ஓடுகிறது என்று எழுதிக்கொண்டிருந்தன. டிராக்டர் கடன் மூன்று மாதம் நின்றால் வண்டியைத் தூக்குகிறவர்கள், ஆயிரம் கோடி வாங்கியவருக்குக் காபி கொடுத்துக் கெடுவை நீட்டித்தார்கள். 2014 நவம்பரில் குஜராத் ஆனந்தில் பேசும்போது ராஜன் இதைத்தான் உடைத்துச் சொன்னார்: லாபம் வந்தால் முதலாளிக்கு, நஷ்டம் வந்தால் வங்கிக்கு என்றால் அது ஆபத்தே இல்லாத முதலாளித்துவம் என்று. ஆய்வு முடிந்ததும் வங்கிகள் மறைத்து வைத்ததெல்லாம் வெளியே வந்தது. மொத்த வாராக்கடன் 2015 செப்டம்பரில் 5.1 சதவீதம், ஆறே மாதத்தில் 7.6. அரசு வங்கிகள் காலாண்டுக்குக் காலாண்டு நஷ்டம் காட்டின. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 2015 அக்டோபரில், பலவீனமான வங்கிகளுக்குக் கட்டுப்பாடு போடும் ரிசர்வ் வங்கியின் திருத்த நடவடிக்கைப் பட்டியலுக்குள் போய், வெளியே வர 2021 செப்டம்பர் ஆனது. வலி நிஜம், அந்த வருடங்களில் சிறு தொழில் நடத்துகிறவர்களுக்கு அரசு வங்கியில் புதுக் கடன் கிடைப்பது கல்லில் நார் உரிப்பதாக இருந்தது. இவர்தான் வளர்ச்சியைக் கெடுத்தார் என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ளவில்லை. கடன் கெட்டது அதற்கு முந்தைய வருடங்களில், இவர் கணக்கைத் திறந்து காட்டினார். 2018-ல் 11 சதவீதத்தைத் தாண்டிய வாராக்கடன் 2024-ல் 3 சதவீதத்துக்குக் கீழே வந்ததற்குத் தொடக்கம் அந்தக் கணக்குத் திறப்புதான். ஆனால் கடன்களைச் சீரமைக்க அவர் கொண்டுவந்த எஸ்டிஆர், எஸ்4ஏ போன்ற திட்டங்கள் பெரிதாக உதவவில்லை, 2018 பிப்ரவரியில் அவற்றை ரிசர்வ் வங்கியே ஒரே சுற்றறிக்கையில் நீக்கிவிட்டது.

அதனால்தான், சந்தையை நம்புகிறவர் வேண்டும் என்று யாராவது சொன்னால் எந்த மாதிரி நம்பிக்கை என்று நான் கேட்பேன். அமெரிக்காவில் ஆலன் கிரீன்ஸ்பானும் சந்தையை நம்பியவர்தான், 1987 முதல் 2006 வரை அந்நாட்டு மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வை நடத்தினார். வங்கிகள் தங்கள் பங்குதாரர்களைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ளும் என்று நினைத்தார், 2008 அக்டோபரில் நாடாளுமன்றக் குழுவின் முன்னால் அந்த நினைப்பில் கோளாறு இருந்தது என்று ஒப்புக்கொண்டார். அவருக்கு வழியனுப்பு மாதிரி 2005-ல் அமெரிக்காவின் ஜாக்சன் ஹோலில் நடந்த மத்திய வங்கியாளர்கள் மாநாட்டிலேயே, வங்கிகள் எடுக்கிற அபாயம் கூடிவிட்டது, போனஸ் கொடுக்கும் முறையே அதைத் தூண்டுகிறது என்று கட்டுரை படித்தவர் ராஜன். அங்கே அதை யாரும் ரசிக்கவில்லை. இரண்டு பேரும் சந்தை ஆதரவாளர்கள் என்று ஒரே பெட்டிக்குள் போட்டால் தேர்வு தப்பாகிவிடும். கவர்னர் நாற்காலிக்கு ஆள் தேடும்போது அரசாங்கத்தைச் சந்தேகிக்கிறாரா என்று மட்டும் பார்க்காதீர்கள், பெரிய கம்பெனிகளையும் பெரிய வங்கிகளையும் அதே கண்ணால் பார்க்கிறாரா என்று பாருங்கள். போட்டியைக் கண்டு முதலில் பயப்படுகிறவர்கள் அவர்கள்தான்.

ரங்கராஜனையும் இங்கே நினைக்க வேண்டும். 1993-ல் ரூபாயின் மதிப்பைச் சந்தை முடிவு செய்ய விட்டதும், அரசு நினைத்தபோதெல்லாம் ரிசர்வ் வங்கியிடம் தானாகப் பணம் எடுத்துக்கொள்ளும் அட் ஹாக் பில் முறையை முடித்து வைத்த 1994 ஒப்பந்தமும் அவர் கவர்னராக இருந்தபோது நடந்தவை. ராஜன் வருவதற்கு இருபது வருடம் முன்பே அடிப்படை போட்டவர் அவர், சத்தமில்லாமல் செய்ததால் இப்போதைய தலைமுறைக்குப் பெயர்கூடத் தெரியவில்லை.

ராஜனுக்கு நீட்டிப்பு கிடைக்கவில்லை. 2016 மே மாதம் சுப்ரமணியன் சுவாமி அவரை நீக்கச் சொல்லிப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார், ஜூன் 18 அன்று பல்கலைக்கழகத்துக்கே திரும்புகிறேன் என்று ராஜன் ஊழியர்களுக்கு எழுதினார். ஆய்வுக்குப் பிறகு வங்கிக் கணக்குகளைச் சுத்தம் செய்யும் வேலை பாதியில் இருந்தது, வட்டியை முடிவு செய்ய வேண்டிய பணக் கொள்கைக் குழு முதல் கூட்டம்கூடப் போடவில்லை. மூன்று வருடம் போதாது. கவர்னருக்கு ஐந்து வருடத்தை ஒரேயடியாகக் கொடுத்துவிட வேண்டும், நீட்டிப்புக்காக யார் முகத்தையும் பார்க்கத் தேவையில்லாத மாதிரி.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது வங்கியில் வாங்கிய பழைய வீட்டுக்கடன் இன்னும் அடிப்படை வட்டியிலோ எம்சிஎல்ஆரிலோ ஓடிக்கொண்டிருந்தால், கடன் ஸ்டேட்மென்ட்டை எடுத்து எந்த விகிதத்தோடு கட்டியிருக்கிறது என்று பாருங்கள். ரெப்போவோடு சேர்ந்த முறைக்கு மாற்றச் சொல்லிக் கிளையில் எழுத்தில் கேளுங்கள், மாற்றுக் கட்டணத்தையும் மிச்சமாகும் வட்டியையும் கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மறுத்தால் வேறு வங்கிக்குக் கடனை மாற்றுங்கள், மாறும் வட்டிக் கடன் என்றால் முன்கூட்டி அடைத்ததற்கு அபராதம் என்று உங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது.